சோறு தயார்

கேஸ் இணைப்பைத் துண்டிக்க வந்தவன்
கலைந்து கிடந்த என் செருப்பை
நேராக வைத்துவிட்டுப் போனான்.
தேஜோன் நகரம், நான்காம் மாடி,
கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற அறை.
மிச்சம் ஒரு ரைஸ் குக்கர்.

அதற்கு ஒரு பெண்குரல் உண்டு.
மூடியைத் திருகினால்
"சுவையான சோறு சமைக்கத் தொடங்குகிறேன்."
முடிந்ததும்
"சுவையான சோறு தயார். நன்றாகக் கிளறிவிடுங்கள்."

அரிசி தீர்ந்து ஒன்பது நாள்.
அதற்குத் தெரியாது.

கடை மூடும் நேரத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பன்றித் துண்டு,
அடியில் வெங்காயம், வாடிய பாதி ஆப்பிள்.
ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை,
தன் ஈரத்தில் தானே வேகட்டும் என்று விட்டேன்.
சுவையான சோறு தயார், என்றது.
பூசணிக்காய்க்கும் அதையேதான் சொன்னது.
ஒருமுறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன்,
முகம் கழுவ.
நன்றாகக் கிளறிவிடுங்கள், என்றது.

நான் சிரிக்கக்கூடாது.
கூரியர் கம்பெனியின் புகார்ப் பிரிவில்
காதில் மாட்டிய கருவியோடு ஒன்பது மணி நேரம்
"உங்களை நேசிக்கிறோம் வாடிக்கையாளரே" என்கிறவள் நான்.
உடைந்த மீன்தொட்டிக்கும் அதுதான்.
என் அம்மாவைப் பற்றிக் கேட்ட கேள்விக்கும் அதுதான்.

போன செவ்வாய்,
தோல் கறுத்த மூன்று வாழைப்பழம்,
ஒரு முட்டை, ஒரு பாக்கெட் மாவு.
ஒரு சுற்று போதாது, கேக்குக்கு இரண்டு சுற்று வேண்டும்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால்
ஒரு பானை கேக்குக்கு ஒரு பல்குச்சி.
குச்சியில் மாவு ஒட்டியது. மறுபடி அழுத்தினேன்.
இரவு இரண்டு மணிக்கு அது கத்தியது.

கதவு தட்டப்பட்டது.

நானூற்று எட்டாம் அறைக்காரர்.
குடித்தவர்களின் கார்களை
அவரவர் வீடுவரை ஓட்டிப்போய் விட்டுவிட்டு
நடந்தே திரும்புகிறவர்.
இரண்டு வருடமாக அவருடைய இருமலை மட்டுமே தெரியும்.
கையில் ஒரு காலிக் கிண்ணம்.
"சோறு தயார் என்று சுவரில் கேட்டது.
என்னுடையதில் அரிசி போட மறந்துவிட்டேன்.
ஒரு கிண்ணம்... நாளைக்குத் தந்துவிடுவேன்."

சொல்ல ஒன்றுமில்லை.
மூடியைத் திறந்து காட்டினேன்.
ஆவி அடங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
பழுப்பாக, வட்டமாக,
நடுவில் கொஞ்சம் குழிந்து கிடந்ததை.
பிறகு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:
"இதைக் கிளறவேண்டுமா?"

கிண்ணத்தில் பாதியை வெட்டிப் போட்டேன்.
குழிந்த பகுதி எனக்கு.

வெள்ளிக்கிழமை என் கதவுப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை.
குளியல் விடுதியில் விற்கிற மாதிரி
ஓட்டுக்குள்ளும் காப்பி நிறமாகிவிட்ட நான்கு முட்டைகள்.
கூரியர் ரசீதின் பின்பக்கம் ஒரு வரி:
"என்னுடையதும் மூன்று முறை பொய் சொன்னது."
முன்பக்கம் அவர் பெயர், மெங் தோக்-சு.
பொருள் சேதமாக வந்தது என்று
இந்த விலாசத்திலிருந்து ஒரு புகாரும் இல்லை,
கணினியில் தேடிப் பார்த்தேன்,
தேடக்கூடாதுதான்.

இன்று காலை ஒருத்தி.
பார்சல் நனைந்துவிட்டதாம், பதினோரு நிமிடம் நிறுத்தவில்லை.
எங்கோ மூச்சு வாங்க அவள் நின்றாள்.
நான் சொல்லவேண்டிய இடம். வாயைத் திறந்தேன்.
"சுவையான சோறு தயார். நன்றாகக் கிளறிவிடுங்கள்."

மறுமுனையில் ஒன்றுமில்லை.
ஒரு நாற்காலி நகர்கிறது.
"எந்தக் கம்பெனி குக்கர்?" என்றாள்.
பிறகு, கொஞ்சம் தணிந்து,
"எங்கள் வீட்டில் அது
வெந்தயக் கலர் விளக்கோடு சூட்டில் இருக்கிறது,
முப்பத்தோரு மணி நேரமாக.
உள்ளே என்ன என்றே மறந்துவிட்டது."

திறந்து பாருங்கள், என்றேன்.
லைனிலேயே இருக்கிறேன்.